கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் வேன்

சைக்கிள் ஓட்டி யாரையும் காப்பாற்றிவிட முடியாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். கரூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன் நான். ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் நிறுத்தி, "போர் மோட்டார் ஒரு மாதிரி சத்தம் போடுதுங்க, என்னன்னு பாருங்க" என்கிறார்கள். சைக்கிளில் போகிறவனை நிறுத்த மாட்டார்கள் என்றுதான் மிதிக்க ஆரம்பித்தேன்.

அது அப்படியே பித்தாகிவிட்டது. புற்றுநோய் விழிப்புணர்வுக்காக ஈரோடு வரை போனேன். கண்தானத்துக்காகத் திருச்சி வரை போனேன். கோவைப் பக்கம் ஒரு டிரையத்லான் என்று சொல்லி நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே காலையில் செய்யச் சொன்னார்கள். அமராவதியில் நீந்திப் பழகியவனுக்கு நீச்சல் குளம் என்ன பெரிய விஷயம் என்று குதித்தேன். முன்னால் போனவரின் குதிகால் மூக்கில் பட்டது. இரண்டு பேர் தூக்கிக் கரையில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகும் வீம்புக்கு சைக்கிள் ஓட்டி, ஓடி, முடிவுக் கோட்டுக்கு வந்தபோது பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்காக ஒரு தடவை விரித்துக் காட்டிவிட்டு மறுபடி சுருட்டினார்கள்.

ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் மூன்று நாள் சைக்கிள் பயணம் என்று அறிவிப்பு வந்தபோது நான் பெயர் கொடுத்தது உடம்புக்காகவோ வீம்புக்காகவோ இல்லை. மனம் கலங்கித் தெருவில் திரிகிறவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்காக அந்தப் பயணம். ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாடு ஓர் இல்லத்தில். சும்மா போய் நின்றால் உள்ளே விட மாட்டார்கள். சைக்கிள் ஓட்டிப் போனால் சால்வை போட்டு, எல்லா அறைகளையும் சுற்றிக் காட்டுவார்கள். அந்த மதியச் சாப்பாட்டுக்காகத்தான் போனேன்.

என் அண்ணன் பழனிச்சாமி காணாமல் போய் இரண்டு வருடமாகிறது. பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் மடிப்பு மாஸ்டராக இருந்தவர். தூக்கம் போயிற்று, பிறகு பேச்சுப் போயிற்று, பிறகு தனக்குத்தானே பேசுவது மட்டும் வந்தது. மாத்திரையில் கொஞ்சம் தேறினார். தேறியதும் நாங்களே மாத்திரையை நிறுத்தினோம். கார்த்திகை மாதம் ஒரு காலையில் டீ குடிக்கப் போனவர் ரயிலேறிவிட்டார். ஸ்டேஷன் வாசலில் பூக்கட்டும் பெண் பார்த்திருக்கிறாள், மாலை போட்ட சாமிமார் கூட்டத்தோடு கூட்டமாக ஏறினார் என்று. எங்கள் ஊர் ரயில்வே போலீஸ்காரர் சொன்னார்: "இந்த மாதிரி ஆளுங்க நடுவுல இறங்க மாட்டாங்க. வண்டி எங்க கடைசியா நிக்குதோ அங்கதான் இறங்குவாங்க. கன்னியாகுமரியில தேடுங்க." தேடினேன். இரண்டு தடவை நேரில் போனேன். கையில் கிடைத்த இல்லங்களின் எண்களுக்கெல்லாம் போன் செய்தேன். பழனிச்சாமி என்று யாரும் இல்லை என்றார்கள்.

இப்போது அவர் மகள் கீர்த்தனாவுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை அடிக்க வேண்டும். பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் 'திரு' போடுவதா 'தெய்வத்திரு' போடுவதா என்று அச்சகத்துக்காரர் கேட்கிறார். இரண்டு விதமாகவும் டைப் செய்து அண்ணியின் போனுக்கு அனுப்பிவிட்டார். அண்ணி அதை எனக்கு அனுப்பினார். தெய்வத்திரு என்று போட்டால் மணவறையில் மகள் பக்கத்தில் அண்ணி நிற்க முடியாது. எங்கள் சொந்தக்காரர்கள் தேங்காயைக்கூடத் தொட விட மாட்டார்கள். செத்த செய்தி உறுதியானால் கல்யாணமே தள்ளிப்போகும். திரு என்று போட்டால், எங்கே அந்தத் திரு என்று சபையில் கேட்பார்கள். "நீங்க போய்ட்டு வந்து சொல்லுங் தம்பி. மூணாம் நாள் சாயந்தரம் வரைக்கும் அச்சுக்குக் குடுக்காம வெச்சிருக்கறேன்" என்றார் அண்ணி.

முதல் நாள்.

எல்லோருக்கும் ரோஜா நிறத்தில் டி-ஷர்ட் கொடுத்தார்கள். முதுகில் 'அன்பை மிதிப்போம்' என்று எழுதியிருந்தது. அன்பை எதற்கு மிதிக்க வேண்டும் என்று கேட்க ஆளில்லை. கொடியசைக்க வர வேண்டியவர் ஒன்றரை மணி நேரம் தாமதம். வெயில் ஏறிய பிறகு புறப்பட்டோம்.

எங்கள் ஊர் சாலை நேராகக் கிடக்கும். நாலு கிலோமீட்டருக்கு அப்பால் வரும் லாரியைப் பார்த்துக்கொண்டே போகலாம். அருமனைப் பக்கத்து சாலையில் முப்பது அடிக்கு மேல் நேராக எதுவும் இல்லை. ஏறுகிறது, வளைகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. இரண்டு பக்கமும் ரப்பர். வீடு முடிகிற இடமும் ஊர் முடிகிற இடமும் தெரிவதில்லை. ஆளை வெறுப்பேற்றுகிற பச்சை. பதினைந்தாவது ஏற்றத்தில் மற்ற எல்லோரும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். பின்னால் ஒரு மாருதி வேன் மட்டும் முனகிக்கொண்டு வந்தது.

கடைசியாக வருகிற ஆளுக்குப் பின்னால் அந்த வேன் வரும். முடியாது என்றால் சைக்கிளை மேலே கட்டி ஆளை உள்ளே போட்டுக்கொள்ளும். அதை ஓட்டி வந்தவர் செல்வின். துபாயில் பன்னிரண்டு வருடம் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேல்.

"அண்ணாச்சி, ஏறிக்கிடுங்க. ஒருத்தரும் பாக்கல்ல. இல்லத்துக்குக் கொஞ்சம் முன்னால இறக்கி விட்டுருகேன், அங்க இருந்து சவுட்டிக்கிட்டு போனா யாருக்கு தெரியும்?"

"வேண்டாமுங்க. நான் வந்துருவேன்."

"என்னத்த 'வேண்டாமுங்க'? இப்பவே நாக்கு வெளிய கெடக்கு. சரி, சவுட்டுங்க. எனக்கு ஏசி இருக்கு, நான் பைய பதுக்கத்தான் வருவேன்."

சைக்கிள் மிதிப்பதை இங்கே சவுட்டுவது என்கிறார்கள். ஒரு டீக்கடையில் நிறுத்தி, டீயை இங்கே எல்லோரும் சொல்வதுபோல் சாயா என்று கேட்டு வாங்கி, ஏத்தம்பழம் என்று இவர்கள் சொல்லும் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்ததைத் தின்றேன். சர்க்கரைக்காரன் தின்னக்கூடாதது அது. பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

"ஏட்டி, இது எதுக்காக்கும் இந்தச் சவுட்டு சவுட்டுகாங்க?"

"புத்தி சரியில்லாதவங்க இருக்காங்கல்லா, அவங்களுக்காம்."

"அப்ப இவங்களையும் அங்கேயே சேத்துக்கிடலாமே."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

முதல் இல்லத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். இல்லத்தில் இருக்கிறவர்களை வாசலில் இரண்டு வரிசையாக நிறுத்தி எனக்காக மறுபடி கைதட்ட வைத்தார்கள். ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தார், நிறுத்தத் தெரியவில்லை. ஒரு பணியாள் வந்து அவர் கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். எனக்குச் சால்வை போட்டார்கள். நான் வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கும்போது அவர்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். தங்களைத் தேடி வந்தவனோ என்று பார்த்தார்கள் போலிருக்கிறது. ஒவ்வொருவரையும் விட்டு நகர்ந்தபோது எனக்குக் குற்றம் செய்கிற மாதிரி இருந்தது. அண்ணன் இல்லை.

சிவப்பு அரிசிச் சோறு, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு, புளிமுளம் என்கிற மீன் குழம்பு. மிகவும் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்று ஆத்திரமாகவும் இருந்தது. அண்ணன் எங்கே எதைத் தின்றுகொண்டிருக்கிறாரோ தெரியாது, நான் இரண்டாவது தடவை குழம்பு கேட்டேன்.

இரண்டாம் நாள்.

கீரிப்பாறைக்கு ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் மழை வந்தால் மக்கள் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். இங்கே யாரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ரப்பர் பால் உறைந்த வாடை மழையோடு சேர்ந்து சட்டையில் ஏறியது. காலில் ஏதோ அரிக்கிறது என்று குனிந்தால் இரண்டு அட்டைகள். அவற்றைப் பிய்க்கச் சைக்கிளை நிறுத்தி, மறுபடி ஏறி, ஆத்திரத்தில் ஓங்கி மிதித்ததில் செயின் அறுந்தது. அன்றைக்குப் பார்த்து செல்வினின் வேன் பின்னால் இல்லை. காய்ச்சல் வந்த யாரையோ ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் போயிருந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அரை மணி நேரம் நடந்தேன். ரப்பர் வெட்டு முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் பஸ் ஒன்று வந்தது. கண்டக்டர் இறங்கி, ஒன்றும் கேட்காமல் சைக்கிளை மேலே போட்டுக் கட்டினார். பஸ்ஸுக்குள் நாற்பது பெண்கள். ஈரமும் வியர்வையும் ரப்பர் பாலும். ரோஜா நிறச் சட்டையும் தொடையை ஒட்டிய காற்சட்டையுமாக நான் நடுவில் நின்றேன்.

"எந்த ஊரு?" என்று கேட்டார் கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெண்.

"கரூருங்க."

"அங்க இருந்தா சவுட்டி வாறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் மனம் இளகி, முதுகுப் பையிலிருந்த அண்ணன் படத்தை எடுத்துக் காட்டிவிட்டேன். கல்யாண வீட்டில் எடுத்தது. தலை நிறைய முடி, கட்டை மீசை, சிரித்த முகம். படம் கைமாறிக் கைமாறிப் பஸ்ஸின் கடைசி வரை போனது.

"இவர நான் கண்டிருக்கேன். வடசேரி பஸ் ஸ்டாண்டுல இருக்காரு."

"ஏட்டி, போ, அது வேற ஆளு. இவரு தக்கலையில, கோர்ட்டுக்கு முன்னால."

"நம்ம தடிக்காரன்கோணத்துல வந்து கஞ்சி வாங்கிக் குடிச்சாரே, அவருல்லா இது?"

பஸ்ஸில் இருந்த எல்லோரும் அண்ணனை எங்கேயோ பார்த்திருந்தார்கள். ஒருத்தியாவது பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். படம் திரும்பி வந்தபோது அதன்மேல் ரப்பர் பால் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. "அழாதீங்க சார். சாமி விடாது" என்றார் முதலில் பேசிய பெண். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்றைய இல்லத்தில் ஒருவர் கிணற்றடியில் முதுகு காட்டிக் குளித்துக்கொண்டிருந்தார். அதே தோள், இடது பக்கம் சற்றே இறங்கிய அதே தோள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடினேன். "அண்ணா!" என்று கத்தினேன். அவர் திரும்பினார். ஒரிசாக்காரரோ பீகார்க்காரரோ, மொழி தெரியவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார். நான் யாருடைய தம்பி என்று நினைத்தாரோ. கையை விடுவித்துக்கொள்ளப் பட்ட பாட்டை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாயந்தரம் திரும்பி வந்த வேனில் போகும்போது செல்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகை விஷயத்தையும் சொன்னேன். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார்.

"நாளைக்கும் கிட்டல்லன்னா வீட்டுல என்ன சொல்லுவீங்க?"

"தெரியலைங்க."

"என் மாமா ஒருத்தரு கடலுக்குப் போய் வரல்ல அண்ணாச்சி. உடம்பு கிட்டல்ல. ஏழு வருசம் மாமி தாலி கழட்டல்ல. ஊருல என்னவெல்லாமோ சொன்னாங்க. சொல்லட்டுன்னு இருந்துட்டா." பிறகு வண்டியை எடுத்தார்.

மூன்றாம் நாள்.

கடற்கரைச் சாலை சமதளம், இன்றைக்காவது மானத்தோடு ஓட்டலாம் என்று நினைத்தேன். காற்று எதிரே வந்தது. மார்கழிக் காற்று வடகிழக்கிலிருந்து வருமாம், நாங்கள் கிழக்கே போனோம். பெடலை மிதித்தால் சைக்கிள் நகர யோசித்தது. சாலையோரத்தில் நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். கன்னியாகுமரிக்குப் போகிற சாமிமார் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தன. ஒரு வண்டியிலிருந்து ஒரு சாமி தலையை நீட்டி, "விடாதீங்க பெரிசு!" என்றார். நான் எதைப் பிடித்திருக்கிறேன் விடுவதற்கு என்று தோன்றியது.

அன்றைக்கு மனம் முழுதாக விட்டுப்போயிருந்தது. இன்னும் ஓர் இல்லம், அதோடு சரி. அங்கேயும் கைதட்டுவார்கள், சால்வை போடுவார்கள், சாயங்காலம் குமரி முனையில் மெடல் கொடுப்பார்கள், அண்ணிக்குப் போன் செய்து ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதவர் பெயருக்கு முன்னால் போட ஓர் எழுத்தும் தமிழில் கிடையாது.

அந்த இல்லம் பனைகளுக்கு நடுவே மணல் தரையில் இருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்துவது. வழக்கம்போல் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். வரிசையில் முகங்களைப் பார்த்தேன். இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. முகம் கழுவ வேண்டும் என்று கேட்டேன். ஒரு நீள அறையைத் தாண்டிக் கொல்லைப் பக்கம் போகச் சொன்னார்கள்.

அந்த அறையில் துவைத்த பெட்ஷீட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் தாண்டிப் போய்விட்டேன். போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

ஒவ்வொரு பெட்ஷீட்டும் விளிம்பு வெளியே தெரியாமல் உள்ளே வாங்கி மடிக்கப்பட்டிருந்தது. ஒரு மூலை மட்டும் சின்ன முக்கோணமாக வெளியே திரும்பியிருந்தது. அடுக்கு முழுவதும் அந்த முக்கோணங்கள் ஒரே நேர்க்கோட்டில் நின்றன. வீட்டில் யாரும் அப்படி மடிப்பதில்லை. ஒரு வெளிநாட்டு ஆர்டருக்காக, லேபிள் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக, என் அண்ணன் யோசித்துக் கண்டுபிடித்த மடிப்பு அது. கம்பெனியில் அதைப் பழனிச்சாமி மடிப்பு என்றே சொல்வார்கள். எங்கள் வீட்டுப் போர்வைகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். லேபிளே இல்லாத பழைய போர்வைகள்கூட.

மூலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார். மொட்டைத்தலை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"இப்படி மடிக்க யாருங்க சொல்லிக் குடுத்தது?"

அவர் நிமிராமலே சொன்னார். "மூலை வெளிய நிக்கணும். இல்லன்னா பையர் ரிட்டன் அடிச்சிருவான்."

கடலோரத்தில், மணல் காட்டில், ஆயுளில் ஏற்றுமதிக் கம்பெனியைப் பார்த்தேயிராத ஒரு மனிதர் சரக்கு வாங்குகிறவனைப் பையர் என்றார், அவன் திருப்பி அனுப்புவதை ரிட்டன் என்றார். "யாருங்க சொன்னது? சொல்லுங்க" என்று அவர் தோளைப் பிடித்தேன். பயந்துவிட்டார். சத்தம் கேட்டு சிஸ்டர் ஒருவர் வந்தார்.

"அது சேவியர் சொல்லிக் குடுத்தது. எங்க பிள்ளைங்க எல்லாரும் இப்ப இப்படித்தான் மடிப்பாங்க. ஏன் கேக்குதீங்க?"

படத்தைக் காட்டினேன். சிஸ்டர் வெகுநேரம் பார்த்தார். மீசையைக் கட்டைவிரலால் மறைத்தார். பிறகு தலைமுடியையும் உள்ளங்கையால் மறைத்தார். அப்படியே பக்கத்திலிருந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இவருக்கு நீங்க?"

"தம்பிங்க."

"கோட்டாறு சவேரியார் திருநாளன்னைக்கு ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வந்தோம். ரெண்டு மாசம் வாயே திறக்கல்ல கேட்டியளா. பேரு இல்லாம மருந்துச்சீட்டு எழுத முடியாது. எந்தப் புனிதர் நாள்ல வாறாங்களோ அந்தப் பேரை வைக்கது எங்க வழக்கம். சவேரியாருதான் சேவியர். பேச ஆரம்பிச்சப்ப, பேரென்னன்னு கேட்டா சேவியர்னே சொன்னாரு. நாங்களும் விட்டுட்டோம்."

"இப்ப எங்கங்க?"

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். அதிலேயே தெரிந்துவிட்டது. ஆடி மழையில் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். நாலாம் நாள் முடிந்துவிட்டது. ஐந்து மாதம் ஆகிறது.

"போன வருசம் நான் இங்க போன் பண்ணினேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "பழனிச்சாமின்னு யாராவது இருக்காங்களான்னு கேட்டேன். இல்லைன்னு சொன்னீங்க. அப்ப அவர் இந்த அறையில உட்கார்ந்து பெட்ஷீட் மடிச்சுட்டு இருந்திருக்காரு. படத்தையும் அனுப்பினேன்."

"போனை நான்தான் எடுத்திருப்பேன்" என்றார் சிஸ்டர். "மொட்டையடிச்சு, மீசை எடுத்தப்புறம் எங்களுக்கு அந்தப் படத்துல உள்ளவரைத் தெரியல்ல. பேரும் வேற. என்னை மன்னிச்சிருங்க."

மன்னிக்கிற நிலையில் நான் இல்லை. வாய்க்கு வந்ததைப் பேசினேன். ஒரு பேரை வைத்து என் அண்ணனை ஒளித்துவிட்டீர்கள் என்றேன். அவர் அழ ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினேன். மாத்திரையை நிறுத்தியது நாங்கள். தெருவில் கிடந்தவரைத் தூக்கி வந்து குளிப்பாட்டியது அவர்கள். அதை இப்போது சொல்ல முடிகிறது, அப்போது முடியவில்லை.

செல்வின் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். மரச் சிலுவை. வெள்ளைப் பெயிண்டில் 'சேவியர்' என்று மட்டும். திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர். நெஞ்சில் நம்பர் ஒட்டிய ரோஜா நிறச் சட்டையும், பின்பக்கம் பஞ்சு வைத்த காற்சட்டையுமாக, தலையில் ஹெல்மெட்டோடு நின்றேன். ஒரு வேட்டிகூட இல்லை. செல்வின் எங்கிருந்தோ மெழுகுவர்த்தி வாங்கி வந்து ஏற்றினார். காற்று மூன்று தடவை அணைத்தது. என்னிடம் கற்பூரம் இல்லை, பால் இல்லை. சைக்கிளில் மாட்டியிருந்த பாட்டிலில் ஆரஞ்சு நிறக் குளுக்கோஸ் தண்ணீர்தான் இருந்தது. அதை ஊற்றினேன். மணல் உடனே குடித்துவிட்டது. அண்ணா, அண்ணா என்று கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆளுக எல்லாம் முனைக்குப் போயாச்சு" என்றார் செல்வின். "போவோமா, இல்ல இங்கேயே இருக்கியளா?"

"ஒரு போன் பண்ணிக்கறேங்க."

அவர் வேனுக்குப் போய்விட்டார். பனைமரத்தடியில் உட்கார்ந்து அண்ணியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். மூன்று நாளாகப் போனைக் கையிலேயே வைத்திருந்தார் போலும்.

"அண்ணி..." என்றேன். மறுபடி, "அண்ணி, இங்க வந்துங்க..." என்றேன்.

"தம்பி, இருங்" என்றார் அண்ணி. "நான் பத்திரிகையை அச்சுக்குக் குடுத்துட்டனுங். காலையிலயே குடுத்துட்டேன். திருன்னுதான் போட்டிருக்குது."

அண்ணிக்குப் பின்னால் கீர்த்தனா யாரிடமோ சேலை நிறம் பற்றிச் சிரித்துப் பேசுவது கேட்டது. அண்ணி எழுந்து வேறிடத்துக்குப் போனார் போலிருக்கிறது, கதவு சாத்துகிற ஓசை வந்தது.

"தை முடியட்டுங் தம்பி. பிள்ளை அந்த வூட்டுக்குப் போகட்டும். நானே உங்களைக் கூப்புட்டுக் கேக்கறேன். அது வரைக்கும் கிடைக்கலைன்னே சொல்லுங். எங்கிட்டயும் அப்படியே சொல்லுங்."

"கிடைக்கலைங்க அண்ணி."

"செரிங்."

போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

"தம்பி, அவருக்கு வகுறு நெறையச் சோறு போட்டாங்களாமா?"

"போட்டாங்க அண்ணி. நல்லாப் போட்டாங்க."